நீலகிரியிலிருந்து நெடுந்தூர விமானம் ஏறுபவர்களுக்கு: காட்சி தெரியும் ஜன்னல் சீட்டைப் பிடிப்பது எப்படி?

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறுகிறவர்கள், "குன்னூர் வரைக்கும் எந்தப் பக்கம் உட்கார்ந்தா பள்ளத்தாக்கு தெரியும்?" என்று விசாரித்துவிட்டுத்தான் ஏறுவார்கள். எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் பறக்கப் போகும் விமானத்துக்கு மட்டும் "ஜன்னல் சீட்டா போடுங்க" என்பதோடு விட்டுவிடுகிறோம். டிராவல்ஸ்காரரும் ஏதோ ஒரு ஜன்னலைப் போட்டுக் கொடுத்துவிடுவார். ஏறி உட்கார்ந்த பிறகுதான் விஷயம் புரியும். வெளியே இறக்கையைத் தவிர ஒன்றும் தெரியாது. அல்லது போகும் வழியெல்லாம் முகத்தில் வெயில் அடிக்கும். சில சமயம் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுவர்தான் இருக்கும். அதற்குத் தனியாகக் காசும் கட்டியிருப்பீர்கள்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கமிருந்து முதன்முறையாக வெளிநாடு கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்: படிக்கப் போகும் பிள்ளைகள், வளைகுடா வேலைக்குப் போகிறவர்கள், பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோர். வரிசை முக்கியம். முதலில் திசை, அடுத்து வெயில், பிறகு விமானத்தின் வகை, அதன் பிறகு இறக்கை. பணம் கட்டுவது கடைசியில். பலரும் பணத்தை முதலில் கட்டிவிட்டு மற்றதை விமானத்துக்குள் போய்த் தெரிந்துகொள்கிறார்கள்.

1. போகும் பாதையைப் பார்த்து, இடமா வலமா என்று முடிவு செய்யுங்கள்

முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் உங்கள் இடது கைப் பக்க ஜன்னல் எப்போதும் 'ஏ'. வலது பக்க ஜன்னலின் எழுத்துதான் விமானத்துக்கு விமானம் மாறும். நடுவில் ஒரே நடைபாதை உள்ள சிறிய விமானங்களில் 'எஃப்'. இரண்டு நடைபாதை உள்ள பெரிய விமானங்களில் பெரும்பாலும் 'கே'. ஆகவே "எஃப் என்றால் ஜன்னல்" என்று மனப்பாடம் செய்து வைக்காதீர்கள். பெரிய விமானத்தில் 'எஃப்' நட்டநடு சீட்டாக இருக்கும்.

அடுத்து, உங்கள் விமான எண்ணை ஃபிளைட்ரேடார்24 போன்ற தளத்தில் போட்டு, அதே எண்ணில் முந்தைய நாள்களில் விமானம் எந்த வழியாகப் போனது என்று பாருங்கள். கடந்த சில நாள்களின் பாதை இலவசமாகவே கிடைக்கும். ஒரு நாளை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். காற்றைப் பொறுத்துப் பாதை நகரும், குறைந்தது மூன்று நாள் பாருங்கள். சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுப்பதும் உதவாது. பூமி உருண்டை என்பதால் லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போகும் விமானம் நேர் மேற்கே போகாமல் கிரீன்லாந்து பக்கமாக வளைந்து போகும். அரசியலும் பாதையை மாற்றும். 2025 ஏப்ரல் கடைசியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களுக்கு மூடியதும், தில்லியிலிருந்து மேற்கே போன இந்திய விமானங்கள் தெற்கே சுற்றிப் போக வேண்டி வந்தது. பிற நாட்டு நிறுவனங்களுக்கு அந்தத் தடை இல்லை. அதனால் பழைய பயணிகள் சொல்லும் "தில்லி–ஐரோப்பா என்றால் இந்தப் பக்கம்" என்ற அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பாதை பத்து இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனால் கவலை இல்லை. பக்கம் சரியாக இருந்தால் போதும். தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். தெளிவான நாளில் அங்கிருந்து தொடுவானம் ஏறக்குறைய 180 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். 35,000 அடியில் பறக்கும் விமானத்துக்கு அதைப் போல இரு மடங்கு, சுமார் 370 கிலோமீட்டர். இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பனிமலைத் தொடரும் சரியான பக்கத்தில் உட்கார்ந்தவருக்குத் தெரியும். எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கு மலைக்கு மேலேயே பறந்தாலும் பாதிதான் தெரியும்.

நம் ஆட்களுக்குப் பயன்படும் பாதைகளைச் சொல்கிறேன்.

கோவையிலிருந்து பெங்களூரு, சென்னை, தில்லி: இடது பக்கம். நீலகிரி கோவை விமான நிலையத்துக்கு வடமேற்கே இருக்கிறது. பெங்களூரு விமானம் ஏறி வடக்கே திரும்பியதும், இடது ஜன்னலில் முதலில் குன்னூர், கோத்தகிரிச் சரிவுகள் வரும். கொஞ்ச நேரத்தில் பவானிசாகர் நீர்த்தேக்கம் ஏறக்குறைய காலடியில் தெரியும். அந்தத் தண்ணீரின் மேற்கு முனையைப் பாருங்கள்: நீலகிரிக்கும் மைசூர் மேட்டுநிலத்துக்கும் நடுவே மோயாறு வெட்டிக்கொண்டு வரும் பள்ளம் கத்தியால் கீறியதுபோல் நீளமாக உள்ளே போகும். கோடநாடு காட்சிமுனையில் நின்று அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்தவர்களுக்கு இடம் உடனே பிடிபடும். ஒரு எச்சரிக்கை: தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் விமானம் பாலக்காட்டுக் கணவாய் பக்கம் பார்த்து, அதாவது தென்மேற்காக, கிளம்பும். அப்போது முதல் இரண்டு மூன்று நிமிடம் மலை வலது பக்கம் இருக்கும். திரும்பியதும் இடது பக்கம் வந்துவிடும். பதற வேண்டாம்.

திரும்பி வரும்போது வலது பக்கம். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ கோவைக்கு இறங்குகையில் நீலகிரி வலப்புறம் நிற்கும்.

கோவையிலிருந்து வளைகுடா: கிளம்பியதும் மலை வலது பக்கம். கேரளக் கரையைத் தாண்டிவிட்டால் அரபிக்கடல்தான். இரவு விமானம் என்றால் காட்சிக்காக ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். கோவை–சிங்கப்பூருக்கும் இதுவே. இரவில் கடல் மேலேயே போய், இறங்கும்போது நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்கு தெரியும். அதற்கு எந்தப் பக்கமும் சரி.

துபாயில் இறங்குவது: விமானம் வடமேற்கு நோக்கி இறங்கினால் புர்ஜ் கலீஃபா இடது பக்கம், தென்கிழக்கு நோக்கி இறங்கினால் வலது பக்கம். அன்றைய காற்றைப் பொறுத்தது, முன்கூட்டித் தெரியாது. இதற்காகச் சீட்டு தேர்ந்தெடுக்க வேண்டாம்.

வளைகுடாவிலிருந்து ஐரோப்பா: உண்மையில் காசு கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டிய பாதை இதுதான், அதுவும் பகல் விமானம் என்றால். ஈரானின் சாக்ரோஸ் மலைகள், கிழக்குத் துருக்கியின் வான் ஏரி, 5,137 மீட்டர் உயரமுள்ள அராரத் மலை, பிறகு கருங்கடல் என்று வரிசையாக வரும். கிழக்குத் துருக்கி வழியாக வடமேற்கே போனால் அராரத் வலது பக்கம். மியூனிக், சூரிச் போகிறவர்களுக்குக் கடைசி ஒரு மணி நேரத்தில் ஆல்ப்ஸ் இடது பக்கம் வரும். மிலான் என்றால் ஆல்ப்ஸ் வலது பக்கம். லண்டன் போகிறவர்களுக்கு நான் வலது பக்கத்தையே சொல்வேன். காரணம் அடுத்த படியில்.

ஐரோப்பாவிலிருந்து அமெரிக்க மேற்குக் கரை: வலது பக்கம். மேகம் இல்லாத நாளில் கிரீன்லாந்தின் பனிப்பரப்பும், கரையோரத்தில் மலை இடுக்குகள் வழியாகக் கடலில் இறங்கும் பனியாறுகளும் தெரியும்.

இமயமலை: தில்லியிலிருந்து காத்மாண்டு, பாக்டோக்ரா, குவாஹாத்தி எதுவானாலும் போகும்போது இடது, வரும்போது வலது. எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா இரண்டும் இந்தப் பக்கம்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானம் தெளிவாக இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகத்தின் தலையைத்தான் பார்க்கலாம்.

2. வெயில் எந்தப் பக்கம் என்று பாருங்கள்

மலை தெரிந்தாலும் சூரியன் அதே பக்கம் இருந்தால் கண் கூசும்; ஜன்னல் கண்ணாடியின் கீறலும் அழுக்கும் ஒளிர்ந்து காட்சியை மறைக்கும். வெயில் உங்கள் முதுகுப் பக்கம், அதாவது எதிர்ப்பக்க ஜன்னலில் இருந்தால் மலையில் வெளிச்சம் விழும், உங்கள் கண்ணில் விழாது.

கணக்கு எளிது. வடக்கே பறந்தால் வலது பக்கம் கிழக்கு, காலையில் அங்கே வெயில். மாலையில் இடது பக்கம். தெற்கே பறந்தால் இதற்கு நேர் எதிர். மேற்கே பறந்தால் இடது பக்கம் தெற்கு. ஐரோப்பா, வட அமெரிக்கா, ஜப்பான் வட்டாரங்களில் வருடம் முழுக்க நண்பகல் சூரியன் தெற்கில்தான் இருக்கும். ஆகவே பகலில் மேற்கே போகும் விமானத்தில் இடது பக்கம் வெயில், வலது பக்கம் நிழல். துபாய்–லண்டன் பகல் விமானத்துக்கு வலது என்று சொன்னது இதனால்தான். அராரத்தும் அந்தப் பக்கம், நிழலும் அந்தப் பக்கம்.

நம் ஊரில் மட்டும் ஒரு விதிவிலக்கு. நீலகிரி பூமத்தியரேகைக்கு 11 பாகைக்குச் சற்று மேலே இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிச் சூரியன் நமக்குச் சற்று வடக்கே போய்விடும். ஆனால் உச்சி வெயில் தலைக்கு மேலேயே நிற்பதால் ஜன்னலுக்குள் அதிகம் வராது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். அங்கே சூரியன் வடக்கில்.

ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குப் பகலில் மேற்கே போகிறவர்கள் இதைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். பூமி சுழலும் வேகம் நிலநடுக்கோட்டில் மணிக்கு சுமார் 1,670 கிலோமீட்டர். 60 பாகை வடக்கில் அதில் பாதி, ஏறக்குறைய 835. விமானம் போவது மணிக்கு சுமார் 900. அதாவது அந்த உயர்ந்த பாகைகளில் சூரியன் நகரும் வேகத்துக்கு விமானமும் போகிறது. மதியம் கிளம்பினால் பத்து மணி நேரம் ஆனாலும் மதியமாகவே இருக்கும். குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து நிற்பதால் இடது பக்க சீட்டுக்காரர் பயணம் முழுக்கத் திரையை இறக்கியே வைத்திருப்பார். திரும்பும்போது பெரும்பாலும் இரவு. அப்போது வடக்கு இடது பக்கம் வரும். குளிர்கால இரவில் துருவ ஒளி தென்பட்டால் அந்தப் பக்கம்தான் தெரியும்.

நேரத்தில் தேர்வு இருந்தால் காலை விமானத்தை எடுங்கள். காலை எட்டு, ஒன்பது மணி வெயிலில் மலை மடிப்புகளில் நிழல் விழுந்து, பள்ளம் மேடு தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் மலை தட்டையாகிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் ஆனாலே மேற்குத் தொடர்ச்சி மலை மேல் மேகம் திரண்டுவிடும். நீலகிரியை வானத்திலிருந்து பார்க்க டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம்.

3. எந்த விமானம் என்று கண்டுபிடியுங்கள்

டிக்கெட் விவரத்தில் விமானத்தின் வகை போட்டிருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏடிஆர் (விசிறி சுழலும் சிறிய விமானம்) என்றால் இறக்கை தலைக்கு மேலே. எந்த ஜன்னலிலிருந்தும் தரை தெரியும். நடுப்பகுதியில் மட்டும் இன்ஜின் மறைக்கும். தாழப் பறப்பதால் காட்சிக்கு இதைவிட நல்ல விமானம் இல்லை.

ஏர்பஸ் ஏ320, ஏ321, போயிங் 737: கோவை, கரிப்பூரிலிருந்து (கோழிக்கோடு விமான நிலையம்) கிளம்புகிறவை பெரும்பாலும் இவைதான். பக்கத்துக்கு மூன்று சீட்டு.

போயிங் 787: ஜன்னல் பெரியது, உட்கார்ந்தபடியே கீழும் மேலும் பார்க்கலாம். ஆனால் இதில் திரை கிடையாது, கண்ணாடியே பொத்தானை அழுத்தினால் கறுக்கும். அதைப் பணிப்பெண்கள் மொத்தமாகக் கறுக்க வைத்துப் பூட்டிவிட முடியும். பகலில் எல்லோரும் தூங்கும் நேரத்தில் பூட்டிவிட்டால், நீங்கள் பொத்தானை அழுத்தினாலும் மாறாது. மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள், ஒரு ஜன்னலை மட்டும் திறந்து விடுவதும் உண்டு.

ஏ380: மேல் மாடி என்றதும் ஆசைப்படாதீர்கள். மேல் தளத்தில் சுவர் உள்பக்கம் வளைவதால் ஜன்னலுக்கும் தோளுக்கும் நடுவே இடைவெளியும் பெட்டி வைக்கும் மேடையும் இருக்கும். எட்டிக் குனிந்துதான் கீழே பார்க்க முடியும். காட்சிக்குக் கீழ்த் தளமே நல்லது.

4. இறக்கையைத் தாண்டி உட்காருங்கள்

சீட்டு வரைபடத்தில் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். வரைபடத்தில் இறக்கை சின்னதாகப் போட்டிருப்பார்கள், சிலர் போடவே மாட்டார்கள். நிஜத்தில் இறக்கை பின்பக்கமாகச் சாய்ந்து நீள்வதால், உடம்போடு சேரும் இடத்தைத் தாண்டி இன்னும் நான்கைந்து வரிசைக்குக் காட்சியை மறைக்கும்.

முப்பது வரிசை உள்ள ஏ320-இல் அவசர வழிக் கதவுகள் 12, 13-ஆம் வரிசைகளை ஒட்டி இறக்கை மேல் இருக்கும். தோராயமாக 9 முதல் 19 வரை இறக்கைதான். 7-ஆம் வரிசைக்கு முன்னால், இல்லாவிட்டால் 22-க்குப் பின்னால் எடுங்கள். 8, 9-இல் இன்ஜினின் முன்முகம் கீழே பார்ப்பதை மறைக்கும். வேறு விமானங்களில் வரிசை எண் மாறும். ஆனால் இறக்கை மேல் அவசரக் கதவு உள்ள சிறிய விமானங்களுக்கு ஒரு வழி பொருந்தும். வரைபடத்தில் இறக்கை மேலுள்ள அவசரக் கதவைக் கண்டுபிடித்து, அங்கிருந்து முன்னால் ஐந்தாறு வரிசை, பின்னால் எட்டு ஒன்பது வரிசை தள்ளிப் போங்கள்.

முன்னாலா பின்னாலா? படம் எடுக்கிறவர்களுக்கு முன்னால். இறக்கைக்குப் பின்னால் இன்ஜினின் சூடான புகை ஓடும் கோட்டில் தொலைவுக் காட்சி கானல்போல் நெளியும். கண்ணுக்குச் சுமாராகத் தெரிந்தாலும் ஜூம் செய்த படத்தில் மலை கலங்கியிருக்கும். பின்னால் உட்கார்ந்தால் விலை குறைவு, ஆட்டம் கொஞ்சம் அதிகம். பெரிய விமானத்தில் நெடுந்தூரம் போகும்போது எகானமி வகுப்பே இறக்கைக்குச் சற்று முன்னால்தான் தொடங்கும். இறக்கைக்கு முன்னாலுள்ள சில வரிசைகள் கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காவிட்டால் வால் பக்கத்துப் பகுதி. போயிங் 777-இல் வால் குறுகும் இடத்தில் ஜன்னல் பக்கம் மூன்றுக்குப் பதில் இரண்டே சீட்டு இருக்கும். தம்பதியாகப் போகிறவர்களுக்கு அது அருமையான இடம். ஆனால் சீட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை அளவு இடைவெளி வரும், சாய்ந்து பார்க்க வேண்டும்.

5. ஜன்னல் உண்மையில் இருக்கிறதா?

ஏ320-இன் உடம்பில் ஜன்னல்கள் சுமார் 53 சென்டிமீட்டருக்கு ஒன்று. சீட்டுகளோ 71 முதல் 76 சென்டிமீட்டருக்கு ஒன்று. இரண்டும் ஒத்துப்போகாது. அதனால் ஒரு வரிசைக்கு முகத்துக்கு நேரே ஜன்னல் வரும், அடுத்த வரிசைக்குத் தோளுக்குப் பின்னால் போய்விடும். போயிங் 737-இல் இறக்கைக்குச் சற்று முன்னால் ஓரிடத்தில் ஜன்னலே இருக்காது. ஏசி குழாய் சுவருக்குள் ஏறிப்போகும் இடம் அது. கரிப்பூரிலிருந்து 737-இல் போகிறவர்கள் குறிப்பாகப் பார்க்க வேண்டும். கதவை ஒட்டிய வரிசைகளிலும் இந்தப் பிரச்சினை உண்டு. நிறுவனத்தின் வரைபடம் இதைச் சொல்லாது, 'ஜன்னல்' என்றே காசு வாங்கும். ஏரோலோபா என்ற தளத்தில் நிறுவனம் வாரியாக, ஜன்னலின் இடம்கூட அளவு மாறாமல் வரைந்து வைத்திருக்கிறார்கள். பணம் கட்டும் முன் அதில் உங்கள் வரிசையைப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

6. இப்போது பணம்

உள்நாட்டு விமானத்தில் சாதாரண ஜன்னல் சீட்டுக்குச் சில நூறு ரூபாய். நெடுந்தூரத்தில் ஆயிரத்தில் தொடங்கிச் சில ஆயிரம் வரை போகும். இது ஒரு விமானத்துக்கு, ஓர் ஆளுக்கு. பெங்களூரு–துபாய்–லண்டன் போல மாறிப் போகிற டிக்கெட்டில் இரண்டு விமானத்துக்கும் தனித்தனியாகக் கேட்பார்கள். இரவில் பறக்கும் பகுதிக்குக் கட்டாதீர்கள், பகல் பகுதிக்கு மட்டும் கட்டுங்கள்.

கட்டாமலும் பிடிக்கலாம். பல நிறுவனங்களில் விமானம் கிளம்ப 48 மணி நேரம் முன்பு வெப் செக்-இன் (இணையத்திலேயே சீட்டை உறுதி செய்து போர்டிங் பாஸ் எடுப்பது) திறக்கும். சிலவற்றில் 24 மணி. நெடுந்தூர நிறுவனங்கள் பலவும் அப்போது மீதியுள்ள சீட்டுகளை இலவசமாகத் தரும். திறந்த நிமிடத்தில் உட்கார்ந்தால்தான் நல்ல ஜன்னல் மிஞ்சும். கிளம்பும் ஊரின் நேரப்படி கணக்கு என்பதை மறக்க வேண்டாம். லண்டனிலிருந்து திரும்புகிறவருக்கு இங்கிருந்து பிள்ளைகள் செக்-இன் செய்து தருவதாக இருந்தால், நம் நேரம் குளிர்காலத்தில் ஐந்தரை மணி, கோடையில் நாலரை மணி முன்னால் இருக்கும்.

மிகக் குறைந்த விலை டிக்கெட்டில் சீட்டை நிறுவனமே போடும், மாற்ற விடாது. டிக்கெட் எடுக்கும்போதே "இதில் சீட்டு தேர்வு உண்டா?" என்று டிராவல்ஸில் கேட்டுவிடுங்கள். டிக்கெட் விலை வித்தியாசம் சீட்டுக் கட்டணத்தைவிடக் குறைவாக இருந்தால் அடுத்த விலையை எடுப்பதே லாபம்.

7. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

டிராவல்ஸ் கொடுக்கும் தாளில் இரண்டு எண் இருக்கும். ஒன்று அவர்களுடைய முன்பதிவு எண், மற்றது விமான நிறுவனத்தின் பி.என்.ஆர். எனும், எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு குறிகள் கொண்ட முன்பதிவுக் குறியீடு. இரண்டாவதை வைத்துத்தான் சீட்டை மாற்ற முடியும். ஒரு நிறுவனத்தின் பெயரில் டிக்கெட் வாங்கி இன்னொரு நிறுவனத்தின் விமானத்தில் பறப்பதாக இருந்தால், பறக்கும் நிறுவனத்துக்கு வேறு பி.என்.ஆர். இருக்கும், அதையும் கேட்டு வாங்குங்கள்.

வெப் செக்-இன் 'கடைசிப் பெயர்' கேட்கும். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலி, அல்லது அப்பா பெயர் இருக்கும். அங்கே இனிஷியலைப் போட்டால் "பயணி இல்லை" என்று வரும். டிக்கெட்டில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ, எழுத்து மாறாமல் அதையே போடுங்கள்.

சீட்டுக்குக் கட்டிய பணத்துக்குத் தனி ரசீது வரும். பிரிண்ட் எடுத்து வையுங்கள். விமானத்தின் வகையை மாற்றிவிட்டு உங்களை நடு சீட்டில் போட்டால், அந்த ரசீதைக் காட்டித்தான் பணத்தைத் திரும்பக் கேட்க முடியும். நீங்களாகச் சீட்டை மாற்றினால் பொதுவாகப் பணம் வராது. கிளம்பும் முந்தைய நாள் ஒருமுறை பி.என்.ஆர். போட்டு, சீட்டு எண் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் அன்றைக்கே கேட்டால்தான் வேறு ஜன்னல் கிடைக்கும்.

வெளிநாட்டுப் பயணத்தில் வெப் செக்-இன் முடிந்தாலும் விசா பார்க்கக் கவுண்டருக்குப் போகச் சொல்வார்கள். அங்கே புது போர்டிங் பாஸ் அடித்துத் தரும்போது சீட்டு எண்ணைச் சரிபாருங்கள். "சேர்ந்து உட்கார வைக்கிறோம்" என்று மாற்றிவிடுவது உண்டு.

8. மலை இறங்கும் நேரம்

எத்தனை நல்ல சீட்டு பிடித்தாலும் தாமதமாகப் போனால் அது கைமாறிவிடும். ஊட்டியிலிருந்து கோவை விமான நிலையம் 90 கிலோமீட்டருக்கு மேல். மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய்ச் சேர வேண்டும் என்பதால், ஒரு மணி நேரம் கூடுதலாகவும் வைத்து, கிளம்பும் நேரத்துக்கு ஏழு மணி நேரம் முன்பு வீட்டைவிட்டுப் புறப்படுங்கள். ஏப்ரல், மே சீசனில் மலை இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள். குன்னூர்க்காரர்கள் அந்தச் சுற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பர்லியாறு பக்கம் மண் சரியும். மழை வலுத்தால் முதல் நாளே இறங்கி மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ தங்கிவிடுவது நல்லது.

பெங்களூரில் விமானம் ஏறுகிறவர்கள், ஊட்டி–மைசூரு சாலையில் பந்திப்பூர் காட்டை இரவு 9 மணி முதல் காலை 6 வரை மூடிவிடுவார்கள் என்பதை மனதில் வையுங்கள். விடிகாலை விமானம் என்றால் 9 மணிக்கு முன் காட்டைக் கடந்தாக வேண்டும். கூடலூர், பந்தலூர்க்காரர்கள் நாடுகாணி, நிலம்பூர் வழியாகக் கரிப்பூர் போவதே பக்கம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அந்த மலைப்பாதையும் மழையில் அடைபடும்.

இரவு 12.30 விமானம் என்றால் தேதி அடுத்த நாளுடையது. 15-ஆம் தேதி 00.30 என்று போட்டிருந்தால் 14-ஆம் தேதி மாலையே மலை இறங்க வேண்டும். மலைப்பாதையில் பல இடங்களில் சிக்னல் போய்விடும் என்பதால் செக்-இன் வேலையை வண்டி ஏறும் முன் முடித்து, போர்டிங் பாஸைப் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

9. உட்கார்ந்த பிறகு

கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணி ஒன்றும், கறுப்புச் சால்வை ஒன்றும் கைப்பையில் இருக்கட்டும். ஏறியதும் உள்பக்கக் கண்ணாடியைத் துடையுங்கள். முன்னால் உட்கார்ந்தவர் தலை சாய்த்த எண்ணெய்ப் பிசுக்கு அங்கே கட்டாயம் இருக்கும். ஜன்னலில் பொதுவாக மூன்று அடுக்கு. நடு அடுக்கின் கீழ்ப்பக்கம் ஒரு சின்னத் துளை இருக்கும், அழுத்தத்தைச் சமன் செய்ய வைத்தது. நீண்ட பயணத்தில் வெளியே மைனஸ் 50 பாகைக்கும் கீழே போவதால் அந்தத் துளையைச் சுற்றிப் பனிப்பூ படரும். அது அடுக்குகளுக்கு நடுவே இருக்கிறது, சுரண்டினாலும் போகாது. அதற்கு மேலே உள்ள இடம் வழியாகப் படம் எடுங்கள்.

ஃபிளாஷை அணையுங்கள். சால்வையைத் தலையோடு சேர்த்துப் போர்த்தி உள் வெளிச்சத்தை மறைத்தால் கண்ணாடியில் உங்கள் முகம் பிரதிபலிக்காது. போனைக் கண்ணாடியில் அழுத்தாமல் ஒரு விரற்கடை தள்ளிப் பிடியுங்கள். அழுத்தினால் விமானத்தின் அதிர்வு படத்தில் வரும். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டால் ஜன்னலில் வானவில் பட்டைகள் தெரியும். ஃபில்டர் மாட்டிய கேமராவிலும் அப்படியே. இரண்டையும் கழற்றிவிடுங்கள். லே, ஸ்ரீநகர், புனே போல ராணுவமும் பயன்படுத்தும் நிலையங்களில் இறங்கும்போதும் ஏறும்போதும் படம் எடுக்கத் தடை உண்டு. ஜன்னலை மூடச் சொன்னால் மூடிவிடுங்கள்.

சாப்பாடு முடிந்ததும் திரைகளை இறக்கச் சொல்வார்கள். பக்கத்தில் தூங்குகிறவருக்குத் தொந்தரவு இல்லாமல், சால்வைக்குள் தலையை விட்டுத் திரையை நான்கு விரல் உயர்த்திப் பார்க்கலாம். எப்போது பார்க்க வேண்டும் என்பதை முன்சீட்டுத் திரையில் ஓடும் வரைபடம் சொல்லும். நீங்கள் தேடும் மலையோ ஏரியோ நூறு கிலோமீட்டர் இருக்கும்போதே தயாராகுங்கள். விமானம் அந்தத் தூரத்தை ஏழு நிமிடத்துக்குள் கடந்துவிடும்.